ஐந்தாண்டுப் பூட்டு

பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் ஏன் வருவதில்லை? நாட்டுப்புறங்களிலே இந்தக் கேள்விக்கு ஆயத்தமாகக் கிடைக்கும் விடைகள் பல. வறுமை என்பர், வயல்வேலை என்பர், பெற்றோரின் அறியாமை என்பர். 'அதுகளுக்குப் படிப்பு ஏறாது' என்று திண்ணையில் சாய்ந்தபடியே தீர்ப்புக் கூறிவிடுவோரும் உண்டு. சேர்க்கைப் பதிவேட்டிலே எண்ணிக்கை குறைந்தால் குற்றவாளி பிள்ளை! தேர்வுத் தாளிலே மதிப்பெண் குறைந்தால், அதற்கும் குற்றவாளி அதே பிள்ளை!

இப்படிப் பேசுவோர் முன் ஓர் ஊரின் வரலாற்றை எடுத்துவைக்க விரும்புகிறோம். அந்த ஊரிலே பள்ளிக் கட்டடங்கள் இருந்தன. பாடம் நடத்த ஆசிரியர் இருந்தனர். பிள்ளைகளை ஏற்றிவரப் பேருந்துகள் இருந்தன. 'படிக்க வேண்டும், படித்தே தீரவேண்டும்' என்று துடித்த பிள்ளைகளும் நூற்றுக்கணக்கில் இருந்தனர். எல்லாம் இருந்தும், அங்கே அரசுப் பள்ளிகளின் பதிவேட்டிலே, ஐந்து கல்வியாண்டுக் காலம் ஒரு பெயர்கூட இல்லை! கொள்ளைநோயா? இல்லை. குண்டு மாரியா? அதுவும் இல்லை. உலகத்தாருக்கு மக்களாட்சிப் பாடம் நடத்திய அமெரிக்காவிலே, 1959ஆம் ஆண்டு, ஊரின் பெரியவர்கள் ஒன்றுகூடி, மேசையைச் சுற்றி அமர்ந்து, முறைப்படி தீர்மானித்து, பள்ளிகளைப் பூட்டினர்.

வர்ஜீனியா மாநிலத்தின் தென்பகுதியில் பிரின்ஸ் எட்வர்ட் என்றொரு 'கவுன்ட்டி' உள்ளது. நம் நாட்டு வட்டம் போன்றதொரு நிர்வாகப் பிரிவு. ஆகவே வட்டம் என்றே குறிப்போம். புகையிலை விளையும் பூமி. அந்நாளில் மக்கள் தொகை ஏறத்தாழ 15,000. அதிலே பாதிக்குச் சற்றுக் குறைவானோர் கறுப்பின மக்கள். தலைமையிடம் பார்ம்வில் எனும் சிற்றூர். 1865 ஏப்ரலில், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தளபதி லீ, தோற்றுத் தளர்ந்த தன் படையுடன் இவ்வூர் வழியாகத்தான் நடந்தார். இரண்டு நாள் கழித்து, பக்கத்து வட்டமான அப்போமாட்டக்சில் சரணடைந்தார். அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது. ஆனால், ஆண்டானின் மமதை சரணடையவில்லை.

அடிமை நாட்களிலே, கறுப்பின மக்களைக் கூட்டிவைத்து எழுத்தறிவிப்பதே குற்றம் என்று 1831இல் வர்ஜீனியா சட்டம் செய்திருந்தது. ஏட்டைத் தொடாதே, எழுத்தைக் கேளாதே என்ற கட்டளையின் பொருளை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. போருக்குப் பிறகு, 1870இல், பொதுப் பள்ளிகள் அங்கே தோன்றின. பிறக்கும்போதே நிறம் பார்த்துப் பிரிந்தே தோன்றின. 1902ஆம் ஆண்டின் மாநில அரசமைப்பு, பிரிவினையை எழுத்திலே பொறித்ததுடன், வாக்களிக்கத் தலைவரி கட்டியிருக்க வேண்டும் என்றும் விதித்தது. எழுத்தறிவையும் உரைகல்லாக்கியது. படிக்கவிடாமல் தடுத்தவரே, படிக்கத் தெரியாதவனுக்கு வாக்கு எதற்கு என்றும் கேட்ட விந்தை அது! வாக்குப் போயிற்று. வாக்குப் போகவே, வரிப்பணத்தை எந்தப் பள்ளிக்கு எவ்வளவு என்று பங்கிடும் அதிகாரமும் முழுக்க முழுக்க வெள்ளையர் கையிலே சேர்ந்தது. பின்னால் நடந்தவை அனைத்துக்கும் வித்து இதிலேதான் இருக்கிறது.

1939இல்தான் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று பார்ம்வில்லில் ஓர் உயர்நிலைப் பள்ளிக் கட்டடம் எழுந்தது. அவ்வட்டத்தில் வளர்ந்து கல்வித் தலைவராக உயர்ந்த ராபர்ட் ருஸ்ஸா மோட்டன் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பெயர் பெரிது, கட்டடம் சிறிது. 180 மாணவருக்கென்று கட்டியது. 1950 வாக்கில் அங்கே 450க்கு மேற்பட்டோர் நெருக்கியடித்து அமர்ந்தனர். 'படிப்பிலே நாட்டமில்லாத இனம்' என்று தூற்றப்பட்ட மக்களின் பள்ளியிலே, இடத்தைப் போல் இரண்டரை மடங்கு கூட்டம்! புதிய கட்டடம் கேட்டனர் பெற்றோர். கிடைத்ததென்ன? மரச் சட்டத்தில் தார் பூசிய காகிதத்தை ஒட்டிய கொட்டகைகள். வழிப்போக்கர் அவற்றைக் கோழிக் கூடு என்றே எண்ணினர். குளிர்காலத்தில் அடுப்புக்கு அருகே அமர்ந்த பிள்ளை வெந்தது. கோடியில் அமர்ந்த பிள்ளை நடுங்கியது. மழை பெய்தால் கூரை ஒழுகியது. உடற்பயிற்சிக் கூடமில்லை, உணவுக் கூடமில்லை, முறையான ஆய்வுக் கூடமில்லை. வெள்ளையர் பள்ளி கழித்துப்போட்ட பேருந்தும், கிழித்துப்போட்ட புத்தகமும் இவர்களுக்கு. இதற்குச் சட்டம் சூட்டிய பெயர், 'தனித்தனி, ஆயினும் சமம்'!

இந்தச் 'சமத்துவ'த்தைச் சந்தி சிரிக்கச் செய்தவர் பெருந்தலைவரல்லர், பேச்சாளருமல்லர், பதினாறு வயதுப் பெண். பார்பரா ஜான்ஸ் என்பது பெயர். 1951 ஏப்ரல் 23 அன்று, மாணவர் சிலர் பேருந்து நிலையத்தில் போலீசிடம் சிக்கிக்கொண்டனர் என்று தொலைபேசியில் பொய்ச் செய்தி சொல்லி, தலைமையாசிரியரை வெளியே அனுப்பினர் மாணவர். அவர் கையெழுத்துப் போன்றே குறிப்பெழுதி, எல்லா வகுப்புகளையும் கூடத்துக்கு அழைத்தனர். திரை விலகிற்று. மேடையிலே தலைமையாசிரியரைக் காணோம், பார்பரா நின்றுகொண்டிருந்தார்! ஆசிரியர்களை வெளியேறுமாறு பணிவோடு வேண்டினார். தடுக்க முயன்றவர் முன், காலணியைக் கழற்றி ஓங்கித் தட்டினார். பிறகு பேசினார், கொட்டகையைப் பற்றி, குளிரைப் பற்றி, தங்களை மதியாத ஆட்சியைப் பற்றி. பள்ளியே எழுந்து வெளிநடந்தது. ஏறத்தாழ இரண்டு வாரம் வேலைநிறுத்தம்.

பொய்ச் செய்தியும் போலிக் கையெழுத்தும் முறையா என்று கேட்கும் ஒழுக்கசீலர் இருக்கலாம். தலைமையாசிரியருக்குத் தெரிந்தே நடந்தது என்று பழி வந்தால் அவர் வேலை போகும் என்பதனாலேயே அவரை அகற்றினர் பிள்ளைகள். அகற்றியும் பயனில்லை, அடுத்த ஆண்டுக்கு அவர் பணி புதுப்பிக்கப்படவில்லை. அச்சுறுத்தலுக்கு அஞ்சிய பெற்றோர், பார்பராவை அலபாமாவின் மான்ட்கோமரிக்கு, தந்தையின் உடன்பிறந்தவரான வெர்னான் ஜான்ஸ் வீட்டுக்கு அனுப்பினர். மார்ட்டின் லூதர் கிங் பின்னாளில் பொறுப்பேற்ற அதே திருச்சபையின் போதகராக அப்போது இருந்தவர் அவர்.

மாணவர் கேட்டது நல்ல கட்டடம் ஒன்றைத்தான். ஆனால், அவர்கள் அழைப்பை ஏற்று வந்த வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் இருவரும், கட்டடத்துக்காக வாதாடமாட்டோம், பிரிவினை கூடாது என்று கேட்பதாயின் வாதாடுவோம் என்றனர். பிள்ளைகள் இசைந்தனர். ஊர்ப் போதகர் பிரான்சிஸ் கிரிஃபின் தன் கோயில் கதவைத் திறந்துவிட்டார். அங்கே கூடிப் பெற்றோரும் இசைந்தனர். 1951 மே 23இல் 117 மாணவர் பெயரால் வழக்குத் தொடரப்பட்டது. மாநிலத் தலைநகர் ரிச்மண்டில் கூடிய வழக்குமன்றம், பிரித்துவைப்பதிலே பிழையில்லை, கட்டடத்தை மட்டும் சமமாக்குக என்று 1952இல் கூறிவிட்டது. விரைந்தோடி 1953இல் புதுப் பள்ளி கட்டிக் கொடுத்தனர் ஆட்சியாளர்! பல்லாண்டு கேட்டும் கிடைக்காத பணம், வழக்கென்றதும் எங்கிருந்தோ வந்தது. தூண்டிலில் மாட்டிய புழு அது. மக்கள் கவ்வவில்லை, வழக்கைத் திரும்பப் பெறவில்லை. உச்ச மன்றத்திலே வேறு நான்கு இடங்களின் வழக்குகளோடு அது சேர்ந்தது. 1954 மே 17இல் வந்தது, உலகறிந்த 'பிரௌன்' தீர்ப்பு: பொதுப் பள்ளியில் நிறம் பார்த்துப் பிரிப்பது அரசமைப்புக்கு முரண்.

தீர்ப்பு வந்துவிட்டது, இனி என்ன? மறு ஆண்டே அதே மன்றம், 'ஆய்ந்தமைந்த விரைவோடு' நிறைவேற்றுக என்று, விரைவுக்கும் நிதானத்துக்கும் ஒரே மூச்சில் இடம் வைத்துவிட்டது. ஆதிக்கக்காரருக்கு அது போதும்! வர்ஜீனியாவின் செனட்டர் ஹாரி பேர்ட் 'பெருந்திரள் எதிர்ப்பு' என்று முழக்கமிட்டார். 1958இல் மாநில ஆளுநர், கலந்து படிக்கவேண்டுமென்று ஆணை பெற்ற சில நகரங்களின் பள்ளிகளை மூடினார். 1959 ஜனவரியில் வழக்குமன்றங்கள் அதைச் செல்லாதென்றன. அந்நகரங்களின் பள்ளிகள் திறந்தன. மாநிலமே பணிந்துவிட்ட பிறகும் பணியாத இடம் ஒன்று மிஞ்சியது. அதுதான் பிரின்ஸ் எட்வர்ட்.

1959 மே மாதம், வரும் செப்டம்பரில் கலந்து படிக்க வகை செய்க என்று மேல் வழக்குமன்றம் கட்டளையிட்டது. ஜூன் மாதம் வட்டத்தின் ஆட்சிக் குழு கூடிற்று. அவர்கள் பள்ளிக்குத் தீ வைக்கவில்லை. ஆசிரியரை அடிக்கவில்லை. குழந்தை ஒன்றைத் தொட்டுத் தடுக்கவும் இல்லை. பொதுப் பள்ளிகளுக்கான பணத்தை ஒதுக்க மறுத்தனர், அவ்வளவுதான்! வரியில்லை, ஆகவே சம்பளமில்லை, ஆகவே ஆசிரியரில்லை, ஆகவே பள்ளியில்லை. எல்லாம் கணக்குப்படி, சட்டப்படி, சாந்தமாக! தடியும் துப்பாக்கியும் செய்ய முடியாததை வரவுசெலவுத் திட்டத்தின் ஒரு வரி செய்து முடித்ததைக் கூர்ந்து நோக்குமாறு இளைஞர்களை வேண்டுகிறோம். கொடுமை இப்படி நிதானமாக, கோப்பைக் கையிலேந்தி வரும்போது அதைக் கொடுமையென்று அடையாளம் காண்பதே பலருக்கு அரிதாகிவிடுகிறது.

வெள்ளைப் பிள்ளைகள்? அவர்களுக்குத் தனியார் பள்ளி, குறித்த நாளிலே, தயாராக இருந்தது. முதலில் திருச்சபைக் கூடங்களிலும் கிடைத்த கட்டடங்களிலும் நடந்தது. 1961இல் சொந்தக் கட்டடமும் எழுந்தது. ஏறத்தாழ 1,500 பேர் அங்கே சேர்ந்தனர். அந்தப் பிள்ளைகளின் கட்டணத்துக்கு மாநில அரசும் வட்டமும் மானியம் வழங்கின. நன்கொடை கொடுத்தவருக்கு வரியிலே கழிவு! பொதுப் பள்ளிக்கு இல்லாத பணம், தனிப் பள்ளிக்கு இருந்தது. 'பெற்றோரின் உரிமை', 'விரும்பிய பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம்' என்றெல்லாம் அதற்கு இனிய பெயர்கள் இட்டனர். கட்டணம் கட்ட வழியற்ற ஏழை வெள்ளையர் சிலருடைய பிள்ளைகளும் தெருவிலே நின்றதை அந்த உரிமைப் பேச்சாளர் பேசவே இல்லை.

ஏறத்தாழ 1,700 கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளியில்லை. அவர்களிடமும், நீங்களும் தனிப் பள்ளி வைத்துக்கொள்ளுங்கள், உதவுகிறோம் என்று வெள்ளையர் சிலர் வந்தனர். வந்த விண்ணப்பம் ஒன்றே ஒன்று! ஏன் மறுத்தனர்? ஏற்றால், பிரிவினையைத் தாங்களே ஒப்புக்கொண்டதாகும்; நாட்டுக்கெல்லாம் வழி காட்டிய வழக்கு வீணாகும்.

இவ்விடத்திலே நாம் சற்று நிற்கத்தான் வேண்டும். தலைவர் சிறை புகுவது வேறு. தொண்டர் அடிபடுவது வேறு. ஏழு வயதுக் குழந்தையின் ஏழாம் வயதைப் பணயம் வைப்பது எளிய செயலா? அந்த வயது திரும்ப வருமா? பூட்டு இத்தனை ஆண்டு தொங்குமென்று அப்பெற்றோர் எண்ணவில்லை. ஒரு பருவம், மிஞ்சினால் ஓராண்டு என்றே நம்பினர். ஆண்டுகள் அடுக்கடுக்காகப் போயின. வெளியிலிருந்து பார்த்து, பிள்ளைகளைப் பலியிட்டு விட்டனர் என்று அவர்களைப் பழித்தவர்கள் உண்டு. பூட்டியவனைக் கேட்க வேண்டிய கேள்வியைப் பூட்டப்பட்டவனிடம் கேட்கும் அந்தப் பழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும், அந்தப் பெற்றோரின் நெஞ்சிலே இரவு தோறும் அந்தக் கேள்வி எழுந்திருக்கும் என்பதையும் மறப்பதற்கில்லை.

பிள்ளைகள் சிதறினர். வசதியுள்ளோர், பக்கத்து வட்டங்களில் இருந்த உறவினர் வீடுகளுக்கு அனுப்பினர். மேல்வகுப்பு மாணவரில் சிலருக்கு வட கரோலினாவின் கிட்ரல் கல்லூரி இடமளித்தது. குவேக்கர் சங்கத்தார் சிலரை வேறு மாநிலங்களில் குடும்பங்களோடு தங்கவைத்துப் படிக்கச் செய்தனர். அண்ணன் ஓரூரில், தங்கை வேறூரில், தாய் பார்ம்வில்லில் என்று குடும்பங்கள் கூறுபட்டன. ஊரிலே தங்கியோருக்குக் கோயில் அடித்தளங்களில், தன்னார்வத் தாய்மார் நடத்திய பயிற்சி மையங்கள். அவற்றைப் பள்ளி என்று அவர்களே அழைக்கவில்லை. பள்ளி நடக்கிறதே என்று பூட்டியவர் சொல்லிக்கொள்ள இடம் கொடுக்கக்கூடாதல்லவா! மற்றையோர் புகையிலைக் காட்டுக்குப் போயினர்.

பூட்டிய பள்ளியின் 'தேர்ச்சி' என்ன? மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 1963இல் வந்து ஆய்ந்தனர். 5 வயது முதல் 22 வயது வரையுள்ள கறுப்பின மக்களிடையே, பள்ளி பூட்டியபோது நூற்றுக்கு 3 ஆக இருந்த எழுத்தறியாமை, 23 ஆக உயர்ந்திருந்ததைக் கண்டனர். இடையிலே ஏதோ ஓரளவேனும் பள்ளி பெற்ற பிள்ளைகளையும், அறவே பெறாத பிள்ளைகளையும் ஒப்பிட்டு அறிவுத்திறன் அளந்தபோது, பள்ளி பெறாதவரின் அளவெண் மிகத் தாழ்ந்திருந்தது. அதே இனம், அதே ஊர், அதே தெரு. இடையே நின்றது பூட்டு ஒன்றுதான். கறுப்பினத்தாருக்கு அறிவு பிறவியிலேயே குறைவு என்று அளவெண் காட்டி வாதாடிய பண்டிதர்கள் இருந்த நாடு அது! அவர்கள் காட்டிய எண் எப்படி உற்பத்தியாகிறது என்பதைப் பிரின்ஸ் எட்வர்ட் ஐந்தாண்டிலே செய்து காட்டிவிட்டது.

வெட்கம் தலைநகரையும் எட்டியது. 1963 மார்ச்சில் ராபர்ட் கென்னடி, இலவசப் பொதுக் கல்வி வழங்காத இடங்களை உலகப்படத்திலே தேடி, சீனா, வட வியட்நாம், சரவாக், சிங்கப்பூர், பிரிட்டிஷ் ஹோண்டுராஸ் என்று அடுக்கி, அவற்றோடு வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் என்று முடித்தார். அவ்வாண்டு செப்டம்பரில், நன்கொடை திரட்டி, இலவசப் பள்ளிகள் திறக்கப்பட்டன. முன்னாள் ஆளுநர் கோல்கேட் டார்டன் குழுவுக்குத் தலைமை தாங்கினார்; நீல் சலிவன் பள்ளிகளை நடத்த வந்தார். சேர்ந்தோர் 1,500க்கு மேல். அவர்களிலே வெள்ளைப் பிள்ளைகள் நால்வர்! ஊரிலிருந்த லாங்வுட் கல்லூரியின் பேராசிரியர் கார்டன் மாஸ், தன் இனத்தார் பகையைத் தாங்கி, தன் மகனை அங்கே அனுப்பினார்.

ஆசிரியத் தொழிலில் இருப்போர் அந்த முதல் நாளை எண்ணிப் பார்க்கலாம். பத்து வயதுப் பிள்ளை முதல் வகுப்பா, ஐந்தாம் வகுப்பா? உயரம் ஒன்று சொல்லும். எழுத்து வேறொன்று சொல்லும். தம்பியோடு ஒரே பலகையில் அண்ணனை அமர்த்தினால் அவன் நாணிக் குறுகானா? சலிவன் வகுப்பு எண்களையே எடுத்துவிட்டார். எவன் எதுவரை அறிந்தானோ அங்கிருந்து தொடங்குவது. அவனவன் வேகத்தில் போவது. படிப்பு ஏறாதென்று சொல்லப்பட்ட பிள்ளைகள், இழந்ததை வாரிக்கொள்ளும் பசியோடு படித்தனர்.

1964 மே 25இல் உச்ச மன்றம் மீண்டும் பேசியது. அவ்வழக்குக்குப் போதகர் கிரிஃபின் பிள்ளைகளின் பெயரே பெயராயிற்று. இனி 'விரைவு' பற்றிய பேச்சுக்கு நேரமில்லை என்று நீதிபதி ஹ்யூகோ பிளாக் எழுதினார். தேவையானால் வரி விதித்துப் பள்ளி நடத்துமாறு வட்டத்துக்கு ஆணையிட இடமுண்டு என்றும் தீர்ப்பு கூறியது. ஆட்சிக் குழு என்ன செய்தது? பொதுப் பள்ளிக்கு 1,89,000 டாலர். தனிப் பள்ளிக் கட்டண மானியத்துக்கு 3,75,000 டாலர் என்று ஒதுக்கியது! அதோடு விட்டதா? ஆகஸ்டிலே ஒரு நாள், வழக்குமன்றம் குறுக்கிடுமுன், இரவோடிரவாக வெள்ளைப் பெற்றோரை அழைத்து மானியக் காசோலைகளை வழங்கியது. விடிந்ததும் பணம் கைமாறிற்று. மன்ற அவமதிப்பு என்று பின்னர் முடிவாயிற்று.

1964 செப்டம்பரில் அரசுப் பள்ளிகள் திறந்தபோது வந்தவர் ஏறத்தாழ 1,500 பேர், வெள்ளையர் எண்மர். ஒரு சாரார் பிள்ளைகள் மட்டுமே படிக்கும் பள்ளிக்கு, தம் பிள்ளைகளை வேறிடத்தில் சேர்த்தவர்கள் அமர்ந்து பணம் ஒதுக்கினால் எவ்வளவு ஒதுக்குவர்? திறந்த பள்ளியும் நெடுங்காலம் அரை வயிற்றோடு நடந்தது. வெள்ளைப் பிள்ளைகள் சிறுகச் சிறுகத் திரும்பியது பிறகுதான். தனிப் பள்ளி 1978இல் வரிவிலக்கை இழந்தது. 1986இல்தான் கறுப்பின மாணவரைச் சேர்க்கத் தொடங்கியது. 1993இல் பெயரையும் மாற்றிக்கொண்டது.

பார்பரா ஜான்ஸ் படித்து நூலகராகப் பணியாற்றி 1991இல் மறைந்தார். அமெரிக்கச் சட்டமன்ற மாளிகையில் வர்ஜீனியாவின் சார்பில் நின்ற தளபதி லீயின் சிலை 2020 டிசம்பரில் அகற்றப்பட்டது. அவ்விடத்துக்கு அவர் உருவமே தேர்ந்தெடுக்கப்பட்டது. பழைய மோட்டன் பள்ளி இன்று அருங்காட்சியகம். 2003இல் வர்ஜீனியச் சட்டமன்றம் நடந்ததற்கு வருத்தம் தெரிவித்தது. பள்ளி இழந்தோருக்கு அவ்வாண்டு ஜூனில் மதிப்புச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. பின்னர், அவர்கள் விட்ட இடத்திலிருந்து படிக்க உதவித்தொகையும் ஏற்பட்டது: அரசு பத்து இலட்சம் டாலர், ஒரு செல்வர் பத்து இலட்சம். விண்ணப்பித்து மீண்டும் புத்தகம் தூக்கியவர் உண்டு. 1959இல் முதல் வகுப்பில் சேரவேண்டியிருந்த ஆறு வயதுக் குழந்தைக்கு, அந்தச் சான்றிதழ் வந்த ஆண்டில் வயது ஐம்பது.